மூன்றாம் மாடி ரோவன்

பேருந்திலிருந்து இறங்கியதும் யோர்டிஸ் மேலே பார்த்தாள். நிறுத்தத்திலிருந்து அவர்கள் வீட்டுப் பால்கனி நேராகத் தெரியும். மூன்றாம் மாடி, இடது ஓரம். செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது அங்கே சிவப்பு இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் யாரோ கம்பளியைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கக்கூடிய சிவப்பு. இப்போது சாம்பல் நிறச் சுவர் மட்டும் இருந்தது, அதன் முன்னால் குச்சிகள்.

வந்துவிட்டன என்று நினைத்தாள். அவள் இல்லாத மூன்று நாளில் பட்டுவால் பறவைகள் வந்து, தொட்டியில் நிற்கும் ரோவன் மரத்தின் சிவப்புப் பழங்களைத் தின்று, மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போயிருக்கின்றன. அவை அப்படித்தான். நாற்பது ஐம்பது சேர்ந்து வரும், அரை மணி நேரத்தில் ஒரு பழம் மிச்சம் வைக்காது, பிறகு அந்த வருடத்துக்கு அந்தத் தெருப்பக்கமே எட்டிப்பார்க்காது. அவள் கணவன் ருனே பார்த்திருப்பான். கதவோர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருப்பான். தான் பார்க்கவில்லையே என்ற வருத்தம் அவளுக்கு வரவில்லை. பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். சரி, ஒன்று முடிந்தது என்று தோன்றியது. அடுத்த கணமே, அப்படியானால் இனி பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் தோன்றியது.

மின்தூக்கியின் கதவு திறந்ததுமே சர்க்கரை வாசனை வந்தது. காய்ச்சிய சர்க்கரை. அதற்கு அடியில் ஒரு கசப்பு.

"வந்துட்டியா? ஷூவை அங்கேயே கழட்டு. தரையைத் துடைச்சு வெச்சிருக்கேன்," சமையலறையிலிருந்து மைலிஸ் குரல் கொடுத்தாள். ருனேயின் அக்கா. வருடத்தில் நான்கு முறை அவள் சொலெஃப்தியோவிலிருந்து இங்கே வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வாள். அந்த நாட்களில் யோர்டிஸ் அவளுடைய காலி வீட்டுக்குப் போய்த் தூங்குவாள். வேறு எதுவும் செய்வதில்லை. போய், கதவைத் தாழிட்டு, தூங்கி, எழுந்து ரொட்டி தின்று, மறுபடி தூங்குவாள்.

"நல்லா தூங்குனியா?"

"தூங்குனேன்."

"என் கட்டில் அப்படி. அதுல செத்தவங்களைப் படுக்கவெச்சாகூடக் கொறட்டை விடுவாங்க." மைலிஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள், மேஜை தெரியும்படி. "எப்படி இருக்கு?"

மேஜைமேல் பாட்டில்கள் நின்றன. சன்னல் வெளிச்சம் அவற்றினூடே வந்து மேஜைத்துணியில் சிவப்பாக விழுந்திருந்தது. ஒவ்வொன்றின் மூடியிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, மைலிஸின் சாய்ந்த கையெழுத்தில் ரோவன் ஜெல்லி என்றும் வருடமும் எழுதியிருந்தது. அடுப்போரத்தில் தலைகீழாகக் கவிழ்த்த முக்காலி, அதன் கால்களுக்கு நடுவே இன்னும் ஒரு பாத்திரம். அந்தக் கால்களில் கட்டிய துணியிலிருந்து பாத்திரத்துக்குள் சாறு சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒறைபனி விழட்டும்னு காத்திருந்தேன். அதுக்கு முன்னாடி பறிச்சா வாயில வைக்க முடியாது. புதன்கிழமை ராத்திரி விழுந்துச்சு. வியாழக்கிழமை காலையில ஏணி போட்டுட்டேன்."

"ஏணியா? மைலிஸ், உனக்கு எழுபத்தெட்டு."

"அது ஏணிக்குத் தெரியுமா?"

யோர்டிஸ் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். தெளிவாக இருந்தது. கைதேர்ந்தவள் காய்ச்சியது. கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. அது எங்கோ தொலைவில், பக்கத்து வீட்டில் ஓடும் தொலைக்காட்சிபோல இருந்தது. எழுந்து போய் அதைக் கேட்கத் தெம்பு இல்லை.

"நல்ல நிறம்," என்றாள்.

மைலிஸ் நான்கு மணிப் பேருந்துக்குக் கிளம்பினாள். கிளம்புமுன் ருனேயின் தலைமுடியைக் கலைத்துவிட்டு, "டேய், அவளைப் படுத்தாதே," என்றாள். ருனே, "நீ... போறதே... ஒரு உதவி," என்றான். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. மைலிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனாள்.

மரத்தை எட்டு வருடங்களுக்கு முன்னால் ருனே வாங்கினான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதை விட்ட வசந்தம் அது. இடுப்பளவு இருந்தது கன்று. தரையில் வைத்தால் எந்தக் குளிரையும் தாங்குகிற மரம், தொட்டியில் வைத்தால் தாங்காது, வேரைச் சுற்றிப் போதுமான மண் இல்லை என்றான். அறுபது லிட்டர்த் தொட்டிக்குள் ஓரமாகத் தெர்மோகோல் அடுக்கினான். அடியில் மரக்கட்டை கொடுத்துத் தூக்கிவைத்தான். அக்டோபரில் மண் இறுகுமுன் ஒரு முறை நிறையத் தண்ணீர் விட வேண்டும். பிறகு பழைய மெத்தையுறையால் தொட்டியைச் சுற்றிக் கட்ட வேண்டும். குளிர்காலத்தில் பாவம் என்று வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மார்ச்சில் வெயில் வந்ததும், குளிர்காலத்துக்கு மூடிவைத்த பால்கனிக் கண்ணாடிகளைத் திறந்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வெப்பம் ஏறி, வசந்தம் என்று நம்பி மொட்டு விழித்துக்கொள்ளும், இரவில் செத்துவிடும். இதையெல்லாம் அவன் செய்வான். அவள் கதவருகே காப்பியோடு நின்று பார்ப்பாள். ஐந்து வருடங்களுக்கு முன்னால் அவன் கை ஆடத் தொடங்கியது. பிறகு கால். வேலை ஒவ்வொன்றாக அவளிடம் வந்தது, யாரும் தூக்கிக் கொடுக்காமலே. கோடையில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர். அவன் கை ஆடத் தொடங்கிய பிறகு வந்த மூன்றாவது வசந்தத்தில் வேர் வெட்டு. தொட்டியைச் சாய்த்து மரத்தை வெளியே இழுத்து, வேர்க்கட்டியில் மூன்றில் ஒரு பங்கை ரொட்டிக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டுப் புது மண்ணோடு திரும்ப வைக்க வேண்டும். ருனே நாற்காலியிலிருந்து சொல்லச் சொல்ல அவள் முட்டிபோட்டு அறுத்தாள். இரண்டு மணி நேரம். முடித்தபோது அவள் முகமெல்லாம் மண். ருனே அழுதுகொண்டிருந்தான். எதற்கென்று அவள் கேட்கவில்லை. அவனைக் குளிப்பாட்டும் நேரமாகிவிட்டிருந்தது.

வேர் வெட்டிய பிறகு இரண்டு வருடம் மரம் காய்க்கவில்லை. இந்த வருடம் காய்த்தது. ஊரிலுள்ள ரோவன் மரங்கள் எல்லாம் சொல்லிவைத்ததுபோல ஓய்வெடுத்துக்கொண்ட வருடம். தேவாலயத்தைச் சுற்றி, பள்ளிக்கூட வாசலில், துறைமுகச் சாலை நெடுக, எங்கேயும் ஒரு கொத்து இல்லை. தொட்டி மரத்துக்கு அந்தச் சேதி எட்டவில்லை போலும். ஆகஸ்டில் கிளைகள் பாரத்தில் கம்பியின்மேல் சாய்ந்தன. "இந்த வருஷம்... வேற கடை... இல்ல. நம்மகிட்டதான்... வந்தாகணும்," என்றான் ருனே. அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது.

செப்டம்பர் கடைசியில் நகராட்சியிலிருந்து கமீலா தொலைபேசினாள். பராமரிப்பு இல்லத்தில் ருனேவுக்கு இடம் கேட்டு வசந்தத்தில் இருவருமாகத்தான் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட ருனேவுக்கு நான்கு நிமிடம் பிடித்தது. கமீலா அந்த நான்கு நிமிடமும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல பெண். இப்போது இடம் ஒன்று காலியாகியிருக்கிறது, நவம்பர் முதல் தேதியிலிருந்து, ஆற்றோர இல்லத்தில், தரைத்தளம் என்றாள். யோர்டிஸ் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். மூன்றாவது முறை கமீலா, "யோர்டிஸ், நீங்க எதுக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டபோது, "பறவை வரட்டும். அது வந்து போனதும் சொல்லிடறேன்," என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளுக்கே அது விசித்திரமாக இருந்தது. மறுமுனையில் கமீலா சிரிக்கவில்லை. "பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த எடத்தை நிறுத்திவெக்க முடியும். அதுக்கு மேல என் கையில இல்ல," என்றாள். இடம் வந்த செய்தியை யோர்டிஸ் ருனேயிடம் சொல்லவில்லை. பறவைகள் வந்து அவன் முகம் மலர்ந்திருக்கும் ஒரு நாளில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை கடையில் சிவப்பு ஆப்பிள் இரண்டு கிலோ வாங்கிவந்தாள். பாதியாக வெட்டி, மைலிஸ் ஒடித்துவிட்டுப்போன காம்புகளில் குத்தினாள். நிற்காதவற்றைக் கம்பியால் கட்டினாள். ஆப்பிளையும் அவை தின்னும், கேள்விப்பட்டிருக்கிறாள். ஆனால் தூரத்தில் பறந்து போகும் கூட்டத்துக்குக் கண்ணில் பட வேண்டும். பழக்கொத்துகளின் சிவப்பு வேறு, பாதி ஆப்பிள் வேறு. வெட்டிய முகம் அரை மணியில் பழுப்பாகிவிடுகிறது. பத்து மணிக்கு ஒரு கருங்குருவி வந்து கம்பிமேல் நின்று ஆப்பிளைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது, பறந்துவிட்டது.

உள்ளே வந்தபோது ருனே விழித்திருந்தான். பதினொரு மணி மாத்திரை வேலைசெய்யத் தொடங்கும் நேரம். அந்த ஒரு மணி நேரம்தான் அவன் பேச்சு ஓரளவு கோர்வையாக வரும்.

"அதை எடுத்துடு," என்றான்.

"எதை?"

"ஆப்பிளை. கிறிஸ்துமஸ் மரம் மாதிரி இருக்கு."

"வரட்டும்னுதான்."

"யோர்டிஸ். நான்தான் பறிக்கச் சொன்னேன்."

அவள் அவன் மடியிலிருந்த போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"மைலிஸ் வேணாம்னுதான் சொன்னா. பறவைக்குன்னு வெச்சிருக்கீங்க, அவ என்னைக் கொன்னுடுவான்னு சொன்னா. நான்தான் ஏணி இருக்கிற எடத்தைச் சொன்னேன். உச்சியிலயும் விடாதேன்னேன்."

"ஏன்?"

"கமீலாகிட்ட நீ சொன்னது கேட்டுச்சு."

"கதவைச் சாத்தியிருந்தேன்."

"கைதான் ஆடுது. காதுக்கு ஒண்ணும் ஆகல."

யோர்டிஸ் எதிர்நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே கம்பியின்மேல் கருங்குருவி திரும்ப வந்திருந்தது. அதையே பார்த்தாள்.

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ வேணாம்ப. அப்புறம் பறவை நவம்பர்ல வரலன்னா டிசம்பர்ம்ப." அவன் மூச்சு வாங்கினான். "போன மாசம் குளியலறையில ரெண்டு பேரும் விழுந்தோமே. எவ்வளவு நேரம் கெடந்தோம்?"

"ஞாபகமில்ல."

"நாப்பது நிமிஷம். மொதல்ல சிரிச்சோம். அப்புறம் நீ தூங்கிட்ட. தரையில, என் கைமேல தலைய வெச்சு. நான் சுவத்துல இருந்த டைல்ஸை எண்ணிக்கிட்டு இருந்தேன்."

அது உண்மை. தான் தூங்கியது அவளுக்கு நினைவில்லை. கை மரத்துப்போயிருந்தால்கூட அவன் எழுப்பியிருக்க மாட்டான் என்பது மட்டும் இப்போது தெரிந்தது. அந்தக் குளிர்ந்த தரையில் அவள் இடுப்பு எலும்பு வலித்திருக்க வேண்டும். அப்படியும் தூங்கியிருக்கிறாள்.

"மூணு வருஷமா அந்த மரத்துக்குத் தண்ணி சுமக்கறேன்," என்றாள். குரல் உயரவில்லை. "வேரை அறுத்திருக்கேன். எனக்குப் பறவைன்னா அவ்வளவா பிடிக்கக்கூடப் பிடிக்காது, தெரியுமா? எல்லாத்துமேலயும் எச்சம் போட்டு வெக்கும். உனக்குன்னு செஞ்சேன்."

"தெரியும். நானும் நீ செய்யறியேன்னுதான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பாதி நாள் கண்ண மூடிட்டு."

"பொய் சொல்றே."

"பாதி," என்றான்.

அதற்குள் அந்த ஒரு மணி நேரத்தில் நிறையக் கரைந்துவிட்டிருந்தது. அவன் வலது கை போர்வைக்கடியில் மறுபடி ஆட ஆரம்பித்தது. அவள் எழுந்துபோய் உருளைக்கிழங்கு வேகவைத்தாள். சாப்பிட்டார்கள். ஜெல்லி பாட்டிலை யாரும் திறக்கவில்லை. ஆப்பிளை எடுத்துவிடச் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆனால் கம்பிகளை அவிழ்க்க மறுபடி வெளியே போக வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அதைப் பற்றிப் பேசவில்லை. செவ்வாய், புதன், வியாழன். காலையில் தூக்கி உட்காரவைத்தல், காலுறை, மாத்திரை, கஞ்சி, கழிப்பறை, நாற்காலி. வியாழக்கிழமை நாற்காலியிலிருந்து தூக்கும்போது அவள் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. இருவரும் பாதி எழுந்த நிலையில், ஒருவர் தோளில் ஒருவர் முகம் வைத்து, அப்படியே நின்றார்கள். யாராவது பார்த்தால் நடனம் என்று நினைப்பார்கள். "போன் பண்ணு," என்றான் அவன், அவள் கழுத்தருகில். வலி விட்டதும் அவள் அவனை உட்காரவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொலைபேசினாள். கதவைச் சாத்தவில்லை.

"சரின்னு போட்டுக்கோங்க," என்றாள்.

கமீலா சற்று நேரம் எதையோ தட்டச்சு செய்தாள். பிறகு, "பறவை வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அவருக்கு வீட்டிலேர்ந்து ஏதாவது கொண்டுவரணும்னு இருக்கா? அறைக்கு?"

"நாற்காலி," என்றாள் யோர்டிஸ். கொஞ்சம் யோசித்து, "இன்னொண்ணு. அவனுக்குக் காது நல்லா கேக்கும். பேச்சு மெதுவா வர்றதனால எல்லாரும் கத்திப் பேசறாங்க, இல்லாட்டி அவன் இல்லாத மாதிரி பேசறாங்க. அங்க இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க. எழுதி வெச்சுக்கோங்க."

"எழுதிட்டேன்."

வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். ருனே நாற்காலியில் இருந்தான். கேட்டிருப்பான். தலையை ஒரு முறை அசைத்தான், அது அவனாக அசைத்ததா நோய் அசைத்ததா என்று சொல்ல முடியவில்லை. "காப்பி," என்றான். அவள் காப்பி போட்டாள். அன்று மத்தியானம் அவனைப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்திலேயே வீட்டுச் செருப்புகூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கினாள். இரண்டு மணி நேரம். கனவு எதுவும் இல்லை.

சனிக்கிழமை வானிலை அறிக்கையில் அடுத்த இரண்டு இரவும் மைனஸ் எட்டு டிகிரி உறைகுளிர் என்றார்கள். தொட்டியை இன்னும் கட்டவில்லை. ருனே மாத்திரைக்குப் பிறகு கதவோரம் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான், கண் மூடியிருந்தது. அவள் கோட்டு மாட்டிக்கொண்டு, பழைய மெத்தையுறையும் கயிறும் எடுத்துக்கொண்டு, பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மண் ஏற்கனவே மேலே இறுகியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினாள், அடித்துளையில் கசியும்வரை. இதை யாருக்காகக் கட்டுகிறோம் என்று ஒரு யோசனை வந்தது. கட்டாமல் விட்டால் போதும். இரண்டு இரவு. வேர் உறைந்துவிடும். ஏப்ரலில் மொட்டு வராது. யாரும் கேட்கப்போவதில்லை. மைலிஸ் கேட்டால் குளிர் என்று சொல்லலாம். கோடையில் காலையும் மாலையும் வாளி தூக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஆற்றோர இல்லத்துக்குப் பேருந்தில் போய்வரலாம். இதையெல்லாம் அவள் மிக நிதானமாக யோசித்தாள். யோசிக்கும்போதே கை மெத்தையுறையை உதறி, தொட்டியின் பின்பக்கமாக நுழைத்து, முன்னால் இழுத்துவிட்டிருந்தது. சரி, இழுத்தாயிற்று என்று முட்டிபோட்டு உட்கார்ந்து கயிற்றை முதல் சுற்றுச் சுற்றினாள்.

சத்தம் முதலில் வந்தது. தூரத்தில் பல சைக்கிள் மணிகளை ஒரே நேரத்தில் மிக லேசாகத் தட்டுவதுபோல. அவளுக்கு அது என்னவென்று உடனே பிடிபடவில்லை. தலைக்கு மேலே வெளிச்சம் சற்று மாறியது. குச்சிகள் அசைந்தன.

பட்டுவால் பறவைகள். ஒன்பது, அல்லது பத்து. கூட்டம் என்று சொல்ல முடியாது. கொண்டையும், தூசு நிறமும், வால்நுனியில் மஞ்சளும். காலி மரத்தில் அவை உட்கார்ந்திருந்தன. எதையும் தின்னவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன, தவறான வீட்டுக்கு வந்தவர்கள் பார்ப்பதுபோல. ஒன்று மட்டும் கீழே இறங்கி, அவள் தோளுக்கு ஒரு முழ தூரத்தில், பழுப்பேறிய ஆப்பிள் பாதியின்மேல் நின்றது. இறக்கையில் இருந்த சிவப்புப் பொட்டுகளை அவளால் எண்ண முடிந்தது. ஆறு.

அவள் அசையவில்லை. கண்ணை மட்டும் கதவுப் பக்கம் கொண்டுபோனாள். கீழே உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கதவுக் கண்ணாடியில் உள்ளே எதுவும் தெரியவில்லை. வெள்ளை வானமும், மரமும், அதில் பறவைகளும்தான் தெரிந்தன, பிம்பமாக இன்னொரு முறை. அவற்றுக்குப் பின்னால் எங்கோ நாற்காலி இருக்க வேண்டும். அவன் முட்டி, போர்வையின் ஓரம், வெளிறிய கை ஏதாவது தென்படுகிறதா என்று தேடினாள். கண்ணாடியில் ஒரு விரலால் தட்டினால் போதும், அவன் விழித்துக்கொள்வான். தட்டினால் இவை எழும்பிவிடும். விழித்துத்தான் இருக்கிறானோ என்னவோ. இடது முட்டிக்குக் கீழே கால் மரத்துக்கொண்டுவந்தது. கயிற்றின் இரண்டு முனைகளும் அவள் கையில் இருந்தன, முடிச்சுப் போடாமல். பக்கத்துப் பறவை குனிந்து ஆப்பிளை ஒரு முறை கொத்திவிட்டு நிமிர்ந்து, கண்ணாடிக்குள் பார்த்தது.